அளவெட்டிக்குப் போன வெள்ளைக் கயிறு

பினாங்கில் கப்பல் ஏறிய ஆறாம் நாள் காலை கொழும்பில் இறங்கினேன். ஜப்பான் சீனத்தோடு சண்டை தொடங்கிய அடுத்த வருஷம், மாசி மாதம். மலாயா ரெயில்வேயில் இருபத்தாறு வருஷம் கிளாக்கராய்க் குப்பை கொட்டிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்புகிற பயணம். இரண்டு தகரப் பெட்டி, ஒரு கூஜா, ஒரு குடை, இவற்றோடு கித்தான் துணியில் தைத்த ஒரு மூட்டை. இந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அந்த மூட்டைக்காகத்தான்.

சுங்கத்தில் ஓர் உத்தியோகத்தர் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளைக் கயிறு. இரண்டு பாகத்துக்கு மேல், பதின்மூன்று அடி நீளம். நடுவில் வாழைத்தண்டுப் பருமன், இரு நுனிக்கும் போகப்போக மெலிவு. முப்பது ராத்தலுக்குக் குறையாது.

"இது என்ன?"

"கயிறு."

"அது எனக்கும் தெரிகிறது. எதைக் கட்ட?"

"மனிதர் கட்டுவது. இடுப்பில்."

"அந்த மனிதர் என்ன, கப்பல் இழுக்கிறவரா?"

எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. ஜப்பானில் ஒரு பெரிய மல்லன் கோவணத்துக்கு மேல் கட்டுவது என்று நான் விளக்கப் புறப்பட, சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் கோபத்தைவிட வெட்கம் எனக்கு அதிகம். இனிமேல் இந்தக் கயிறு எதுவென்று ஒருவருக்கும் விளக்குவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். பிற்பாடு நடந்த கூத்துக்கெல்லாம் அந்த முடிவுதான் காரணம்.

வாசகர்களுக்காவது ஒழுங்காய் விளக்கிவிடுகிறேன். நான் வேலை பார்த்த தைப்பிங் பட்டணத்தில் சாத்தோ என்று ஒரு ஜப்பான்காரர் படம்பிடிக்கிற கடை வைத்திருந்தார். இளமையில் தம் நாட்டு மல்லர்களோடு தங்கி வித்தை பழகியவர். முழங்கால் முறிந்ததால் அதை விட்டுவிட்டுக் காமிராவைப் பிடித்தவர். எங்கள் சாமான் கொட்டகையில் மேற்பார்வைக்கு இருந்தவர் அளவெட்டிக் கந்தையா அண்ணை. ஆளுயரம் ஆறடி, அரிசி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெற்றிலை போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்வளவில் வைக்கோல் புரியால் ஒரு வட்டம் போட்டு இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தவர் தோற்றார். உள்ளங்கால் தவிர வேறெது நிலத்தில் பட்டாலும் தோற்றார். அவ்வளவுதான் சட்டம். நடுவர் நான். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடுவராய் நின்ற ஆள் உலகத்தில் நான் ஒருவனாய்த்தான் இருப்பேன்.

மூன்று வருஷம் சாத்தோதான் வென்றார். ஒரு ஞாயிறு கந்தையா அண்ணை அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கி, ஒரு குழந்தையை இறக்குவதுபோல வட்டத்துக்கு வெளியே வைத்தார். சாத்தோ மண்ணைத் தட்டிவிட்டு, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். அடுத்த வருஷமே கொட்டகையில் இரும்புத் தூண் ஒன்று சரிந்து அண்ணையின் இடுப்பில் விழுந்தது. பொல்லு ஊன்றிக்கொண்டு ஊருக்குப் போனார். போன இடத்தில் ஜப்பான் மல்லனைத் தூக்கின கதையைச் சொல்லியிருக்கிறார். கூன் விழுந்த மனிதர் சொன்னால் யார் நம்புவார்கள்? சிரித்திருக்கிறார்கள். அதை அவர் எனக்கு எழுதிய ஒரு கடிதத்தில் ஒரே வரியில் சொல்லியிருந்தார். நான் அதைச் சாத்தோவுக்கு வாசித்துக் காட்டினேன்.

சண்டை வந்ததும் தைப்பிங் சீனர்கள் ஜப்பான் கடைகளில் காலடி வைப்பதை நிறுத்தினார்கள். சாத்தோ கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் அங்கே மல்லர்களுக்குள் உச்சப் பதவிக்கு வந்தவராம். அந்தப் பதவியில் நாடு முழுவதற்கும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்களாம். அவர்கள் மட்டுமே இந்தக் கயிற்றைக் கட்டலாம். அதுவும் சண்டைக்கு அல்ல. சண்டைக்கு முன் அரங்கத்தில் ஏறி, கை தட்டி, நிலம் அதிரக் கால் மிதித்துத் தெய்வத்தை அழைக்கும் சடங்குக்கு. தங்கள் கோயில் வாசலில் கட்டும் அதே மாதிரிக் கயிறு. சணலை முறுக்கி, உள்ளே செம்புக் கம்பி வைத்து, வெள்ளைத் துணி சுற்றி, சின்ன மல்லர்கள் பலர் ஒன்றாய் நின்று சத்தமிட்டுத் திரிப்பார்களாம். முன்புறம் ஐந்து வெள்ளைக் கடதாசி, மின்னல் கீறினதுபோல மடித்துத் தொங்கவிட்டிருந்தது. புதிதாய்த் திரித்ததும் பழையதை அன்பானவர்களுக்குக் கொடுப்பதுண்டாம். அப்படிச் சாத்தோவுக்கு வந்தது.

"கந்தையாவிடம் கொடு. என்னை வட்டத்துக்கு வெளியே வைத்தவர் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான்," என்றார் மலாயில். "தண்ணீர் மட்டும் காட்டாதே. அழுக்கு இருக்கட்டும். அது அந்த மனிதனின் வியர்வை."

சரி என்றேன். ஒரு கட்டளை. ஒரே ஒரு கட்டளை.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய இருநூற்றைம்பது மைல். மெயில் வண்டி யாழ்ப்பாணத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் பிந்தி வந்தது. பழக்க தோஷம், நேரத்தைக் குறித்துக்கொண்டேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியே அச்சுவேலிக்குப் பதினொரு மைல். பஸ்ஸில் முப்பது சதம், மூட்டைக்கு மேலதிகமாய்ப் பத்துச் சதம். பத்தரை மணிக்கு என் அக்கா தங்கம்மா வீட்டு வாசல் படலையில் நின்றேன். அக்கா கைம்பெண், பூசை புனஸ்காரம் என்றால் உயிர். அழுது முடித்து, நான் மெலிந்துபோனேன் என்று சொல்லி முடித்து, மூட்டையைப் பார்த்தாள். கொழும்பில் பிரித்துத் திரும்பத் தைத்த தையல் வரும் வழியில் விட்டு ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உதென்னடா தம்பி, பாம்பு மாதிரி?"

கோவணத்துக்கு மேல் கட்டுவது என்று அக்காவிடம் சொல்லவா? கொழும்புச் சிரிப்பு இன்னும் காதில் கிடந்தது.

"சப்பான் கோயில் கயிறு அக்கா. அளவெட்டியிலை ஒராளிட்டை நாளைக்குக் குடுக்கவேணும்."

அக்கா உடனே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "சாமிக் கயிறெண்டுறாய், உவ்வளவு ஊத்தையாய்க் கிடக்கு?"

"அது அப்பிடித்தான்," என்றேன். சாப்பிட்டேன். சந்தைப் பக்கம் பழைய கூட்டாளிகளோடு கதைக்கப் போய்விட்டேன். விளக்கு வைத்தபின் திரும்பி, பயண அலுப்பில் அப்படியே படுத்துவிட்டேன். மூட்டையைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். இரண்டு பனைகளுக்கு நடுவில் ஒரு கமுகஞ் சிலாகை கட்டி, அதில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பளீரென்ற மஞ்சள். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாய் மஞ்சள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கடதாசி ஐந்தையும் காணவில்லை. அந்த இடத்தில் ஐந்து மாவிலை.

"அக்கா! என்ன செய்துபோட்டாய்?"

"என்ன செய்தனான்? சாமிச் சாமானை ஊத்தையோடை குடுக்கிறதோ? நேற்று மத்தியானமே தொட்டியிலை மஞ்சள் கரைச்சு ஊறப்போட்டனான். கடதாசியெல்லாம் கரைஞ்சுபோச்சு, அதுதான் மாவிலை கட்டினனான். வடிவாயில்லையோ?"

வடிவாய்த்தான் இருந்தது, அதுதான் கொடுமை. எங்கள் சனம் சாமிக்குரிய எதையும் மஞ்சள் காட்டாமல் விடாது. புதுச் சேலை முந்தானைக்கே மஞ்சள் தொட்டு வைக்கிறவள் என் அக்கா. சாமிக் கயிற்றை விடுவாளா? நான் வாயில் வந்தபடி கத்தினேன். விசரி என்றுகூடச் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீதானேயடா கோயில் கயிறெண்டு சொன்னனீ?"

கயிற்றைச் சிலாகையிலிருந்து இறக்கினேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு ஒற்றை மாட்டு வண்டி ஒன்று பிடித்தேன். தெல்லிப்பழை ஐந்தரை மைல், அங்கிருந்து அளவெட்டி இரண்டு மைல். போகவர ஒன்றேகால் ரூபா. வண்டிக்காரன் சின்னத்தம்பி வாய் ஓயாதவன்.

"ஐயா, உது தேர் இழுக்கிற வடமோ? கட்டையாய்க் கிடக்கு."

"ஓட்டு நீ."

வயாவிளான் தாண்டும்வரை இரு பக்கமும் செம்பாட்டு மண்ணில் புகையிலை. துலா மிதிப்பவர்கள் மேலே நடந்து நடந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருஷமாய்க் கனவில் கண்ட காட்சி. ஒன்றையும் நான் சரியாய்ப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஈரக் கயிறு வேட்டியையெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மாவிலைகளைப் பிய்த்துப் பிய்த்துத் தோட்டத்துக்குள் எறிந்தேன்.

"சின்னத்தம்பி, ஒருத்தன் நம்பிக் குடுத்துவிட்ட சாமான் வழியிலை பழுதாய்ப் போனால் நீ என்ன செய்வாய்?"

"என்ன செய்யிறது ஐயா? பழுதாய்ப் போச்செண்டு சொல்லுறது. ஏசினால் கேட்டுக்கொண்டு நிக்கிறது."

இவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புத் தாண்டாத வண்டிக்காரனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலில்லை. தெல்லிப்பழையில் பத்தே காலுக்குத் தேத்தண்ணி குடித்தோம். அங்கிருந்து அளவெட்டிவரை, என்ன சொல்லலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

பதினொன்றுக்கு அளவெட்டி. எங்கோ ஒரு வளவில் யாரோ நாதஸ்வரம் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரே வரி, திரும்பத் திரும்ப. கந்தையா அண்ணை படலையிலேயே பொல்லோடு நின்றார். ஆறடி மனிதர் என் தோளுயரத்துக்கு வந்துவிட்டிருந்தார். கை மட்டும் பழைய கை; என் இரு கையையும் ஒன்றாய்ப் பிடித்தபோது எலும்பு நொந்தது.

"வாரும் தம்பி, வாரும். எட்டு மணியிலையிருந்து நிக்கிறன். சாத்தோ கடுதாசி போட்டவர், நீர் கொண்டு வாறீர் எண்டு. இண்டைக்கு வாறனெண்டு நீரும் எழுதியிருந்தனீர். அயலட்டை முழுக்கப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லிப்போட்டன். பொன்னம்மா, தம்பி வந்திட்டுது!"

அவர் மனைவி பொன்னம்மா செம்பில் தண்ணீரோடு வந்தார். முற்றத்தில் பாய் விரித்திருந்தது. அண்ணை தரையில் உட்காரப் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. மூட்டையை அவர் முன் வைத்தேன். அவர் கித்தானை விரித்தார்.

"மஞ்சளோ?" என்றார் மெல்ல.

சொல்லியிருக்கலாம். அக்காவின் பேரைக்கூட இழுக்கத் தேவையில்லை. தண்ணீர் பட்டுவிட்டது அண்ணை, என் பிழை. ஐந்தே ஐந்து வார்த்தை.

"ஓம் அண்ணை," என்றேன். "வெளிநாட்டாருக்குக் குடுக்கிறதெண்டால் மஞ்சள் தோய்ச்சுத்தான் குடுப்பினமாம். அவையின்ரை முறை."

அண்ணை என்னைப் பார்த்தார். கயிற்றை விரலால் தடவி, விரலை முகர்ந்தார். புரிக்குள் சிக்கியிருந்த ஒரு மாவிலைக் காம்பை நகத்தால் எடுத்து, அதையும் கொஞ்ச நேரம் பார்த்து, மடியில் செருகிக்கொண்டார்.

"அப்பிடியோ. எனக்குத் தெரியாமல் போச்சு." பொல்லை ஊன்றி எழும்பினார். "இரும் தம்பி. உள்ளுக்கை ஒரு சின்ன அலுவல்."

உள்ளே ஏதோ சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. பெட்டக மூடி ஒன்று திறந்து மூடியது. திரும்பி வந்து என்னை வீட்டுக்குள் அழைத்தார். சுவரில் கயிற்றை மாட்டப் புதிதாய் ஒரு மர முளை அடித்திருந்தது. அதற்குச் சற்று மேலே ஒரு வெறும் ஆணி. நான் பெரிதாய் யோசிக்கவில்லை. தப்பிவிட்டேன் என்ற ஆறுதலில் இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அயலவர் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் வைத்திலிங்கம் என்று ஒரு புகையிலை வியாபாரி. ஊரில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"என்ன கந்தையர், உதுதானோ சப்பான்காரனை விழுத்தினதுக்குக் குடுத்த பரிசு?"

"ஓம்," என்றார் அண்ணை.

வைத்திலிங்கம் கயிற்றுக்கு மூக்கைக் கொண்டுபோனார். "மஞ்சளெல்லோ மணக்குது! எங்கடை பொம்பிளையள் சப்பானுக்கும் போய் மஞ்சள் அரைக்கினமோ?" எல்லாரும் சிரித்தார்கள். "வெளிநாட்டாருக்கெண்டால் மஞ்சள் தோய்ச்சுத்தான் குடுக்கிறதாம், தம்பி சொல்லுது," என்றார் அண்ணை. வைத்திலிங்கம் கயிற்றைப் பிழிந்து பார்த்தார். "அட கோதாரி, கடல் தாண்டி வந்தும் ஈரம் காயேல்லை!"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "கயிறை விடுங்கோ. நான் நேரை நிண்டு கண்டனான். அண்ணை அந்த மனுசனைத் தூக்கி வட்டத்துக்கு வெளியிலை வைச்சவர். சத்தியமாய்ச் சொல்லுறன்."

"அதுவும் நீங்கள் சொல்லுறீங்கள். உது சப்பானிலை மஞ்சள் தோய்ச்சதெண்டும் நீங்கள்தான் சொல்லுறீங்களாம்," என்றார் வைத்திலிங்கம், கோபமில்லாமல், சிரித்துக்கொண்டே. "எதையையா நாங்கள் நம்பிறது?"

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பொய்யைப் பொய்யென்று ஒப்புக்கொண்டால்தான் உண்மை நிற்கும். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. எல்லாரும் கந்தையா அண்ணையைப் பார்த்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடும் வைத்திலிங்கம். எல்லாரும் வந்தனீங்கள், சாப்பிட்டுப் போங்கோ," என்றார்.

கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பாயாசம். நன்றாய்ச் சமைத்திருந்தார்கள்.

மூன்று மணிக்குப் புறப்பட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் பொன்னம்மா பனையோலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் ஒன்றைக் கொண்டுவந்து கையில் தந்தார். தந்துவிட்டு, படலையில் நின்ற கணவரிடம் திரும்பினார்.

"ஏனப்பா, விடிய எழும்பி ஆணி அடிச்சுக் கொழுவின படத்தை ஏன் கழட்டிப் பெட்டகத்துக்கை வைச்சனீங்கள்? கயிறு வரட்டும், இரண்டையும் சேர்த்து வைத்திலிங்கத்தாருக்குக் காட்டுவம் எண்டு ஒரு மாசமாய் ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்தனீங்களெல்லோ? தம்பிக்கெண்டாலும் காட்டுங்கோவன்."

"என்ன படம் அக்கா?" என்று கேட்டேன்.

"உங்கடை சப்பான்காரர் தபாலிலை அனுப்பினது தம்பி. அந்தப் பெரிய மல்லன் இந்தக் கயிறைக் கட்டிக்கொண்டு நிக்கிறார், பக்கத்திலை அவர். பின்பக்கத்திலை, கந்தையாவிட்டை நான் தோத்தனான் எண்டு இங்கிலீசிலை எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கெண்டு தபாற்கந்தோர் ஐயா வாசிச்சுச் சொன்னவர். எவ்வளவு வடிவான படம்! கயிறு வெள்ளை வெளேரெண்டு..."

அங்கே நிறுத்திவிட்டார். என் மஞ்சள் வேட்டியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"பொன்னம்மா, உள்ளுக்கை போ," என்றார் அண்ணை. வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வெய்யில் இன்னும் தணியேல்லைத் தம்பி. குடையை விரிச்சுக்கொண்டு போம்."

நான் அப்போதாவது இறங்கியிருக்க வேண்டும். வைத்திலிங்கத்தின் வீடு நாலு வளவு தள்ளித்தான். படத்தை எடுத்துக்கொண்டு நடந்து போயிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? "போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லிக் குடையை விரித்தேன்.

போட்டு வாறன் என்றால் திரும்பி வருவேன் என்றுதான் அர்த்தம். நான் போகவில்லை. அச்சுவேலிக்கும் அளவெட்டிக்கும் ஏழரை மைல். மலாயாவிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மைல் வந்தவனுக்கு அந்த ஏழரை மைல் ஆறு வருஷமாய் முடியவில்லை. வெட்கம் என்று சொன்னேனே, அதுதான். யுத்தம் வந்தது. சாத்தோவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கந்தையா அண்ணை காலமானார் என்று கேள்விப்பட்டுத்தான் இரண்டாம் முறை போனேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து மூன்றாம் நாள். வீட்டில் பொன்னம்மா தனியே இருந்தார். சுவரைப் பார்த்தேன். முளையில் கயிறு தொங்கியது. வெள்ளையாய்.

"வெய்யிலிலை போட்டுப் போட்டு எடுப்பார் தம்பி," என்றார் பொன்னம்மா. "மஞ்சள் வெய்யிலுக்கு நிக்குமே? ஒரு வருசத்திலை வெளுத்துப்போச்சு. இனி வைத்திலிங்கத்தாரைக் கூப்பிட்டுப் படத்தையும் கயிறையும் காட்டுங்கோவன் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். மாட்டனெண்டிட்டார். தம்பி மஞ்சளெண்டு சொல்லிப்போட்டுது, இனி நான் வெள்ளையெண்டு காட்டினால் அந்தாளை ஊர் என்னெண்டு சொல்லும் எண்டு கேட்டார்."

படம் பெட்டகத்தின் அடியில், அவருடைய சால்வைக்குக் கீழே இருந்தது. எடுத்து அந்த வெறும் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். வைத்திலிங்கம் அப்போது வியாபாரமாய்க் கொழும்புக்குப் போயிருந்தார். அவருக்குப் பத்திரிகை வாசிக்கிற பழக்கம் உண்டு என்று கேள்வி. ஆகவே இங்கே எழுதுகிறேன். கயிறு வெள்ளை, மஞ்சளாக்கியது நான். கந்தையா அண்ணை சாத்தோவைத் தூக்கி வட்டத்துக்கு வெளியே வைத்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்தேன்.